நம்பர் ஒன் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் யுனிவர்சிட்டி ஆபீஸ் ஜன்னலில் கை வைத்தால் கம்பியின் துருவும் ஸ்டாம்ப் பேட் மையும் விரலில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது.

யுனிவர்சிட்டி என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். பெங்களூரின் ஒரு மூலையில் இரண்டு கட்டடம், ஒரு கேன்டீன். எங்கள் எம்.காம். வகுப்பில் இருபத்தெட்டே பேர். யார் டப்பாவில் என்ன சாப்பாடு என்பது எல்லோருக்கும் தெரியும்.

அனிதா என்று பெயர் வைத்த புண்ணியத்தில் நான் ரோல் நம்பர் ஒன்று. வைவாவுக்கு முதல் ஆள், திட்டு வாங்கவும் முதல் ஆள். ஹால் டிக்கெட்டும் அப்படித்தான்... கிளார்க் சாரின் ரெஜிஸ்டரில் வரிசைப்படி கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார். நம்பர் ஒன்று போடாமல் இரண்டுக்குக் கிடையாது. அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் ஆனவர் பெயரில் மட்டும் சிவப்பு மையில் கோடு; அவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

கடைசி செமஸ்டரில் அந்தக் கோடு சாந்தி பெயரில் விழுந்தது. நம்பர் இருபத்து மூன்று, ஸ்ரீராம்புரத்துப் பெண். தெரு கூட்டும் வேலைக்குப் போகும் அவள் அம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது. ஆள் வராவிட்டால் மேஸ்திரி அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். அதனால் மூன்று மாதம் அம்மாவுக்குப் பதில் சாந்தி போனாள். விடியற்காலையில் துடைப்பம், பிறகு குளித்து, பஸ் பிடித்து வகுப்புக்கு. தினமும் முதல் பீரியட் போய்விடும்.

ஹெச்.ஓ.டி. மேடம் ஒரு லெட்டர் கொடுத்தால் போதும். ரூல்னா ரூல்தான் என்று மறுத்துவிட்டார். அன்று வெள்ளி. திங்கட்கிழமை பரீட்சை.

"நம்பர் ஒன், பேகா பேகா" என்று அவசரப்படுத்தியபடி கிளார்க் சார் பேனாவை நீட்டினார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் திமிர் வந்ததோ... "சாந்தியோடத முதல்ல குடுங்க சார். அப்புறம் நான் போடறேன்" என்றேன்.

பின்னால் நின்ற நம்பர் இரண்டு, அருள், எரிந்து விழுந்தான். "ஏய், நாங்க என்ன பாவம் பண்ணோம்? போட்டுட்டு வழிய விடு."

சாந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்காக நீ யார்கிட்டயும் கெஞ்ச வேணாம்டி. உன் எக்ஸாமும் போயிடும்."

"நான் எங்கடி கெஞ்சறேன்? சும்மா நிக்கறேன், அவ்ளோதான்."

அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார். ஆனாலும் நகரவில்லை.

அரை மணி நேரம் முணுமுணுத்த அருள், திடீரென்று ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கும் அப்புறமே குடுங்க சார்." அவனைப் பார்த்து மூன்று, நான்கு, ஐந்து... வராந்தாவே நிரம்பிவிட்டது.

மேடம் வந்தார். "அனிதா, டிராமா பண்ணாத."

"நம்ம டிபார்ட்மென்ட்லயே முதல்ல எந்திரிக்கிறவ அவதான் மேடம். அவளப் போயி லேட்டுன்றீங்க."

மேடம் உள்ளே போனார். ஆபீஸ் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது லெட்டர் வந்தது. சாந்தி முதலில் கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம்தான் நான்.

இப்போது நானும் ஒரு காலேஜில் மேடம்தான். ஹால் டிக்கெட் போனிலேயே வந்துவிடுகிறது. ஜன்னல் இல்லை, கியூ இல்லை... யாருக்கு வரவில்லை என்று பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரிவதில்லை. அந்த வராந்தாவை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் என் வகுப்பில் ஒரு பெண். காலையில் இரண்டு வீட்டில் சமைத்துவிட்டு வருகிறாள். ஷார்ட்டேஜ் லிஸ்ட்டில் அவள் பெயர்; அதை எடுக்க பிரின்சிபால்தான் மனசு வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் நான் அப்ரூவ் அழுத்தினால் அவளைத் தவிர எல்லோருக்கும் ஹால் டிக்கெட் வந்துவிடும். நான் அழுத்தவில்லை. மூன்று ரிமைண்டர் வந்தாயிற்று.

நேற்று பிரின்சிபால் கூப்பிட்டார். "ஒரு பொண்ணுக்காக மொத்த கிளாஸும் வெயிட் பண்ணணுமா மேடம்?"

"ஆமா சார், பண்ணட்டும்" என்றேன்.