மேரிகிறேஸின் பச்சைக் கோப்பை

மூன்று வாய்த் தண்ணீர். ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் பச்சைக் கோப்பையை நிரப்பி, மூன்று தரம் கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் மேரிகிறேஸ் யாருடனும் பேசுவார். டென்மார்க்கில், யூட்லாந்தின் சிறு நகரம் ஒன்றில், துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளை விசாரிப்பதற்கென்று ஒரு வீடு இருந்தது. பொலிஸ், வைத்தியர், சமூகசேவையாளர் எல்லோரும் அங்கே பிள்ளையிடம் வருவார்கள். பிள்ளை ஒரே கதையை நாலு கந்தோரில் சொல்லித் திரிய வேண்டியதில்லை. மேரிகிறேஸ் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர், ரண்டர்ஸ் நகரிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் தரை துடைப்பவன்.

"பிள்ளை 'எனக்கு அடிச்சவர்' எண்டு சொன்னால் நானும் டேனிஷிலை 'எனக்கு' எண்டுதான் சொல்லோணும், அண்ணை. அந்த 'எனக்கு' வாயிலையே கிடக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. தமிழ்க் கடையில் வளைத்துப் பிடித்து, "ஆரின்ரை பிள்ளை அங்கை வந்தது?" என்று வம்புக்கு விடுப்புக் கேட்பவர்களுக்கு முன்னாலேயே, கடைக்காரரிடம் கத்தரிக்காய் என்ன விலை என்று விசாரிப்பார்.

2009 மே, வன்னியில் போர் முடிந்த கிழமை. தமிழர் எவருமே காதிலிருந்து தொலைபேசியை எடுக்காத நாட்கள். அவருடைய அக்காவும் உள்ளே அகப்பட்டிருந்தார். ஆனாலும் விசாரணைக்கு முன் தொலைபேசியை நிறுத்தி என் கையில் தந்துவிட்டுப் போவார். "ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் வாறது அதே செய்திதானே."

அந்தக் கிழமைதான் அரசின் கடிதமும் வந்தது. அந்த வீட்டுக்கான மூன்று வருடப் பரீட்சார்த்த நிதியுதவி ஜூனோடு முடிகிறது. நல்ல வேலை செய்தீர்கள், நன்றி. இனி நகரசபை பார்த்துக்கொள்ளட்டும். நகரசபையோ அது அரசின் பாடு என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே இருவரும் சேர்ந்தே கையை விரித்தார்கள்.

ஜூன் கடைசியில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம், டேனிஷ் ஓடாது. இரண்டு தரம் வந்தும் சிவப்புக் கதிரையில் உட்கார்ந்து காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்ததோடு சரி. இரண்டாம் நாள் போகும்போது, வாசலில் மேரிகிறேஸின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அடுத்தமுறை சொல்லுறன், அன்ரி."

அடுத்தமுறைக்கு அந்த வீடு இருக்கவில்லை.

ஜூலையில், அவர் மறந்துவிட்டுப் போன கோப்பையைக் கொடுக்க ரண்டர்ஸுக்குப் போனேன். அக்காவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை என்றார். பிள்ளைகளை இப்போது பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கிறார்களாம், மொழிபெயர்ப்பு தொலைபேசியில். "இப்பவும் ஒண்டு இருக்கு, அண்ணை" என்று கோப்பையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, குசினி மேசையில் வைத்தார். தொலைபேசி அடித்தது.

"ஓம் குஞ்சு, சிவப்புக் கதிரை அன்ரிதான்" என்றவர், என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்பார், காத்திருப்பார். திரும்பவும் கேட்பார், காத்திருப்பார். இடையில் மொழிபெயர்க்க வாய் அசையவேயில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொலைபேசியைக் காதோடு அழுத்தியபடி வெகுநேரம் இருந்தார். அரை மணித்தியாலம் கழித்து அதைக் கீழே வைத்தார்.

கோப்பையை எடுத்தார். ஒரு வாய்கூடக் கொப்பளிக்காமல், தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.