மார்க்கர் பேப்பரில் ஒரு காய்கறித் தோட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றை ஆளின் துணி. இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு துண்டு. அவ்வளவு நீளக் கொடியில் அவை ஓரமாக ஒண்டிக்கொண்டு தொங்கியதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. மிளகாய் காய வைக்க மேலே வந்த வீட்டு ஓனரம்மா கொடியைப் பார்த்தாரோ, என் முகத்தைப் பார்த்தாரோ, தெரியவில்லை. "ஏனுங்கண்ணா, இந்த மாடி சும்மாதானுங்க கெடக்குது. நாலு பையி வாங்கி வெச்சு வெண்டைக்காய், தக்காளின்னு போடுங்களேன். மார்கழில யோசிச்சாத்தானுங்க தையில வெதைக்க முடியும். உங்களுக்கும் பொழுது போகுமுங்க" என்றார்.

கடைசியாகச் சொன்ன காரணம்தான் சுருக்கென்றது. ஆனால் சொன்னது நல்ல மனதோடுதான். உடனே கீழே போய் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். வாழ்நாளில் பாதியைப் பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் கழித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் நீள அகலம் தெரிந்தாக வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைப் பார்க்காமல் ஜன்னல் திரையின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன் என்று ஸ்டெல்லா இன்றைக்கும் சொல்வாள். ஸ்டெல்லா என் மனைவி. சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். அவள் இல்லாமல் எனக்கு இது மூன்றாவது மார்கழி.

டேப்பைப் பிரித்தால் ஒரு வாசனை வரும். மார்க்கிங் சாக்பீஸ், மெஷின் எண்ணெய், புதுத் துணியின் வாடை எல்லாம் கலந்த ஒன்று. எத்தனை துடைத்தாலும் போகாது. அந்த வாசனை என்னை நேராகத் திருப்பூர் ராயபுரத்து லைன் வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நாங்கள் சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள். கல்யாணம் முடிந்து ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த லைன் வீட்டுக்குத்தான். ஒரே சுவரைப் பங்கு போட்டு வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். காலையில் கம்பெனி வேன் என்னை அள்ளிக்கொண்டு போனால் ஓவர்டைம் முடித்துத்தான் கொண்டுவந்து போடும். பகல் முழுக்க அவள் அந்த ஒற்றை அறையில் கிடந்தாள். வாசலைத் தாண்டினால் சிமெண்ட். அதையும் தாண்டினால் சாக்கடை. நூல் கோன் வரும் பையில் எங்கிருந்தோ ஒரு பிடி மண்ணைப் போட்டுப் புதினாத் தண்டு ஊன்றிப் பார்த்தாள். வெயில் படாமல் அது வெளிறி, ஒரு வாரத்தில் படுத்துவிட்டது.

"ஒரு கறிவேப்பில கன்னு வைக்க மண்ணு இருக்கா இந்த ஊர்ல?" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். நான் குழம்பு நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னேன். இக்கட்டான கேள்வி வந்தால் குழம்பைப் புகழ்வது அப்போதே எனக்குப் பழகிவிட்டிருந்தது.

ஏழாம் மாதம் அவள் அம்மா வந்து பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் ஆனதும் வந்துவிடுவாள் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஐந்தானது. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர்கள் பக்கத்து வீட்டு ஃபோனுக்குப் பேசுவேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். "மண்ணு இருக்குற வீடாப் பாருங்க. பொறவு வாரேன்."

அந்தப் 'பொறவு' எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கம்பெனியிலேயே அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மனைவி மக்கள் ஊரில், இவர்கள் இங்கே ரூமில். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்து, அப்படியே முடி நரைத்துப்போனவர்கள். சொந்தப் பிள்ளை தன்னை 'வாங்க, போங்க' என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறது என்று அவர்களில் ஒருவர் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயந்து வீடு தேடத் தொடங்கினேன்.

அலைந்து திரிந்து முதலிபாளையத்தில் ஒரு வீடு பிடித்தேன். கம்பெனி ஷெட்டுகளுக்குப் பின்னால், பாதி காடாகவும் பாதி கட்டடமாகவும் இருந்த இடம். வீட்டுக்குப் பின்னே கொஞ்சம் வெற்று நிலம் இருந்தது. அங்கே செடி வைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தாராளமா வைங்க தம்பி. ஆனா போர்த் தண்ணி உப்புங்க. பாத்து ஊத்தோணும்" என்றார். நான் டேப்பை எடுத்ததும் அவரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மூலைக்கு மூலை நான் அளந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பனியன் வெட்டறீங்களா, பாத்தி கட்டறீங்களா?" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று பெருமையாகச் சொன்னேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை உண்டு. துணி அகலத்துக்கு ஒரு நீளக் காகிதத்தை விரித்து, அந்த அட்டைகளை இடுக்கு விடாமல் நெருக்கி அடுக்கிச் சுற்றி வரைவோம். அதற்கு மார்க்கர் என்று பெயர். அதைத்தான் துணி அடுக்கின் மேல் போட்டு வெட்டுவது. இரண்டு கைகளுக்கு நடுவே விரற்கடை வெறுமனே கிடந்தால் கட்டிங் மாஸ்டர் வந்து, "அந்த எடத்துல என்ன, காத்து வாங்கவா?" என்று கேட்பார். நல்ல மார்க்கர் போடுகிற பையன் என்று எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அந்தத் திமிரோடு கம்பெனியிலிருந்து ஒரு துண்டு மார்க்கர் பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து, காலியான அந்த வீட்டின் ஹாலில் விரித்து, என் தோட்டத்தை வரைய உட்கார்ந்தேன்.

அந்த மார்கழியின் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் கால் ஜில்லென்று ஆகிறது. சாமான் இல்லாத வீடு. தரையின் குளிர் முட்டிவரை ஏறும். இருமினால் அடுத்த அறையில் யாரோ இருமுவதுபோலக் கேட்கும். நான் முட்டி போட்டு உட்கார்ந்து வெண்டையையும் கத்திரியையும் வரைந்துகொண்டிருப்பேன். கத்திரிக்கு வட்டம், வெண்டைக்குச் சதுரம், இரண்டு வட்டத்துக்கு நடுவில் மிஞ்சிய முக்கோணத்தில் கொத்தமல்லி. வளைவில் வெங்காயம், அதன் இடுக்கில் சிறுகீரை. ஓர் இலை விழக்கூட இடம் மிச்சமில்லை. அப்படி ஒரு மார்க்கரை நான் கம்பெனியில்கூடப் போட்டதில்லை. காட்டிப் பெருமைப்படத்தான் ஆள் இல்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. ஏற்றுமதிக்கு அவசரமான ஆர்டர் ஓடிக்கொண்டிருந்ததால் ஊருக்குப் போக லீவு இல்லை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். எல்லாரும் குடும்பமாக வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை. நானும் புதுச் சட்டைதான் போட்டிருந்தேன். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. மதியச் சாப்பாட்டை மெஸ்ஸில் முடித்துக்கொண்டு, பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராகப் பூத்துக்குப் போனேன்.

"பிளான் போட்டாச்சு. ஒரு சாண் வேஸ்ட் கிடையாது" என்றேன்.

"சொல்லுங்க."

கண்ணாடிக் கூண்டுக்குள் பேப்பரை விரிக்க முடியாமல் தொடையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, வடக்கு ஓரத்து அவரைக்காயில் ஆரம்பித்துத் தெற்கு மூலைப் பாகல்வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் குழந்தை 'ங்கா' என்றது. பிடித்திருக்கிறதா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"ஏங்க, எல்லாம் சரி. நான் எங்கன நின்னு தண்ணி ஊத்த?"

நான் பேப்பரைப் பார்த்தேன். வழியே இல்லை. வாய்க்கால் இல்லை, வரப்பு இல்லை, கால் வைக்க ஒரு இடம் இல்லை. துணிக்கு நடுவில் ஆள் நடக்க வேண்டியதில்லை. அதே புத்தியோடு மண்ணையும் வரைந்து வைத்திருந்தேன். காய் பறிக்க வேண்டுமென்றால் அவள் மாடியிலிருந்து கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். அந்த வீட்டுக்கு மாடியும் கிடையாது.

"செடிக்கு நடுவுல ஆளு போவண்டாமா? இது என்ன பனியனா?" என்று சொல்லிச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "அப்ப நீயே வந்து நின்னு காட்டு. நீ எங்க நிக்கியோ அங்க வழி விட்டுருவோம்" என்று கத்தினேன். பூத்துக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு, "சரி. பொங்கலுக்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

பொங்கலுக்குத் திருப்பூர் காலியாகிவிடும். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட்டுப் பிடித்து, தெற்கே போகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போவோம். அந்த வருடம் நான் போனது ஒருவனாக, திரும்பியது மூவராக. கிளம்புவதற்கு முன்பு ஒரு மூலையில் கத்திரி நாற்று வாங்கி நட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். வந்து பார்த்தால் நாற்று மொத்தமும் கருகிக் கிடந்தது. மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. "நானும் நாளு தவறாம ஊத்துனனுங்க. தண்ணி அப்பிடிங்க தம்பி" என்று அவர் கையைப் பிசைந்தார்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளை மண்ணைப் பார்த்தபடி நின்றாள். இறக்கி வைத்த பை இன்னும் வாசலிலேயே இருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு மறுபடியும் அதைத் தூக்கிவிடுவாளோ என்று என் கண் அந்தப் பையிலேயே இருந்தது. நல்ல தண்ணி வாங்கி ஊற்றலாம், மேல் மண்ணை மாற்றலாம் என்று ஏதேதோ உளறினேன்.

"மண்ணுக்காவவா வந்தேன்?" என்றாள் ஸ்டெல்லா. "மாசக் கணக்கா ஃபோன் பண்ணுனீங்க. வீடு, வாடகை, வெண்டக்காய்னு பேசுனீங்க. 'வா'ன்னு ஒரு வார்த்த சொல்லல. அன்னைக்குத்தான் சொன்னீங்க, அதும் சண்ட போட்டு."

அதற்குப் பிறகு பை உள்ளே போனது. அரிசி கழுவிய தண்ணீரும் லாரித் தண்ணீருமாகச் சேர்த்து ஊற்றி, தாங்குகிற செடியை மட்டும் வைத்துக்கொண்டோம். அகத்தியும் முருங்கையும் கொஞ்சம் கத்திரியும் தாங்கின. ஆனாலும் ஒவ்வொரு மார்கழியிலும் மார்க்கர் பேப்பர் ஹாலில் விரியும். வரவே வராத முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் இடம் ஒதுக்கி இரண்டு பேரும் சண்டை போடுவோம். மகள் பேப்பர்மேல் தத்தி நடந்து போய் உட்கார்ந்து, பாகற்கொடியை எச்சில் ஒழுக அழிப்பாள். விளைந்ததைவிட வரைந்ததுதான் அதிகம். ஆனால் வருடத்தில் நான் அதிகமாகச் சிரித்த நாட்கள் அவைதான்.

இன்று அந்த வீடு இல்லை. பின்பக்க நிலம்வரைக்கும் சேர்த்து எம்பிராய்டரி ஷெட் போட்டுவிட்டார்கள். வாசலில் வட நாட்டுப் பையன்கள் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தி தெரியாவிட்டாலும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. மார்க்கரைக் கம்ப்யூட்டர் போடுகிறது. பூத் இருந்த இடத்தில் மொபைலுக்கு உறை விற்கிறார்கள். இதெல்லாம் போனதற்கு நான் கண்ணீர் விடவில்லை. ஊர் என்றால் மாறத்தான் செய்யும்.

மாடியை அளந்து முடித்த அன்று சாயங்காலம் சென்னைக்கு வீடியோ கால் போட்டேன். மகள் வீடு பன்னிரண்டாவது மாடி. மண் என்று சொல்ல அங்கே பூந்தொட்டியில் இருப்பதுதான். அங்கே ஸ்டெல்லா நன்றாகத்தான் இருக்கிறாள், முகம் தெளிவாக இருக்கிறது. மாடித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பையின் அளவு சொன்னேன். வெண்டை, தக்காளி என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டேன். இந்த வயதில் இனி என்ன வெட்கம் என்று தோன்றியது.

"ஸ்டெல்லா, வா. தனியா இருக்க முடியல" என்றேன்.

திரையில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஆச இல்லையா? நான் வந்தா பேத்திய யாரு பாப்பா? மக காலைல வேலைக்குப் போனா ராத்திரிதான் வாரா. நீங்க இங்க வந்துருங்களேன்."

போய்ப் பார்த்தவன்தான் நான். இரண்டு அறை வீடு. ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, மருமகன் எழுந்து வருவதற்குள் பாயைச் சுருட்ட வேண்டும் என்று விடியுமுன்பே விழித்துக் கிடந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? பார்க்கலாம் என்றேன். அதற்குள் பேத்தி எழுந்துவிட்டாள். ஒரு சின்னக் கை வந்து ஸ்டெல்லாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பியது.

"பிள்ள எந்திச்சிட்டா. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள்மீது குறை இல்லை. மகள்மீதும் இல்லை. அந்தக் குழந்தை என்ன செய்யும், பாவம். கூப்பிட்டால் கிளம்பி வர ஸ்டெல்லாவால் முடிந்த காலம் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது கூப்பிடத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? யாரையாவது திட்ட முடிந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும். திட்டுவதற்கும் இங்கே ஆள் இல்லை.