இரும்பாக இருக்கும்போதே கேட்ட வரி

ரங்கநாயகி அம்மாள் செவ்வாய்க்கிழமை காலை காரமடையில் தம் தம்பி வீட்டில் காலமானார். தொலைபேசியில் சொன்னவர் அந்தத் தம்பிதான். பத்திரிகை நிருபர் பழக்கத்தில் இரண்டாவது ஆளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அது தெரிந்திருந்தால் அம்மாள் சிரித்திருப்பார்.

அம்மாள் பீளமேட்டில் வாடகைக் கொட்டகை பிடித்து, வீட்டுக் கிணற்றுக்கான சின்ன பம்பு செய்யத் தொடங்கிய ஆறாவது மாதம், செய்தி எழுத அவரைப் பார்க்கப் போனேன். இரும்பு வார்ப்பு ஒரு தெருவில், லேத்தில் கடைசல் இன்னொரு தெருவில், பெயின்ட் மூன்றாவது தெருவில். இரும்பு கை மாறிக்கொண்டே போகும். ரசீது கிடையாது. யாருடையது என்று சாக்பீஸில் பெயர் எழுதியிருக்கும், அவ்வளவுதான். நம் ஊரில் அப்போது அதுவே போதும்.

அன்று அம்மாள் லேத் பட்டறையிலிருந்து ஒரு வார்ப்பை மொபெட்டில் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோனார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். விற்பனை வரி அதிகாரி ஒருவர் வழிமறித்தார். இரும்பில் அம்மாள் பெயர் இல்லை; 'உசேன்' என்று இருந்தது.

"அவர்கிட்ட வாங்கினதா? அப்போ ரசீது எங்கே? உங்ககிட்ட இப்படிக் கை மாறுற எல்லாத்தையும் விற்பனைன்னு எடுத்து வரியும் அபராதமும் போடணும்மா."

அப்படிப் போட்டால் கொட்டகையை அந்த வாரமே மூட வேண்டியதுதான். அம்மாள் பதறவில்லை.

"ஏனுங்க சார், சட்டை தைக்கக் குடுத்தா டெய்லருக்குத் துணிய வித்துப்போட்டேன்னு அர்த்தமுங்களா? வாங்க, போய்க் கேட்டுப்போடலாம்."

லேத் பட்டறையில் உசேன் பாய் நிமிர்ந்து பார்த்தார். "இது அம்மணியோடதுதானுங்க. இவ்வளவு கரடுமுரடா வேற யாரு கொண்டாருவாங்க?"

"அப்புறம் உங்க பேரு எதுக்கு?" என்றார் அதிகாரி.

"மழையில அம்மணி பேரு அழிஞ்சுபோச்சுங்க. பத்திரமா இருக்கட்டும்னு என் பேர எழுதிப்போட்டேன்."

"பத்திரமா! என் கம்பெனிய மூடிப்போட்டிருப்பீங்களே பாய்!"

அதிகாரி சிரித்துவிட்டார். பெயின்ட் கடைக்கு வார்ப்பை அவரே தூக்கி வந்தார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "புது ஆளுங்களா? அத அந்த மூலையில வெச்சுப்போட்டு டீ குடிங்க" என்றார். அவரும் வைத்துவிட்டு டீ குடித்தார்.

விற்கும் பம்புக்கு மட்டும் வரி, தெருவுக்குத் தெரு போகும் இரும்போடு இனி அது யாருடையது என்று ஒரு சீட்டு என அம்மாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அதிகாரி. மறுநாளே அம்மாள் பக்கத்துப் பட்டறைகளையும் சீட்டு எழுத வைத்தார். "வரி கட்ட நான் அழுவலீங்க. பம்பு ஓடட்டும், கட்டிப்போடறேன். இரும்பா இருக்கறப்பவே கேட்டா எங்க போறதுங்க?" என்றார் என்னிடம்.

என் செய்தியில் 'வரிச்சுமையால் தவிக்கும் பெண்மணி' என்று எழுதிவிட்டேன். அது அச்சில் வந்த அன்று காலை ஏழு மணிக்கே அம்மாளிடமிருந்து தொலைபேசி வந்தது. "சுமைன்னு எழுதிப்போட்டீங்களே, நான் என்ன கழுதைங்களா? எவ்வளவு கேட்டாங்க, எப்பக் கேட்டாங்கன்னு எழுதுங்க. மீதிய படிக்கறவங்க சொல்லுவாங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திருத்தம். இன்றும் வரிச் செய்தி எழுத உட்கார்ந்தால் முதலில் 'எப்போது' என்றுதான் கேட்கிறேன்.

புதுப் பட்டறைகள் எல்லாமே முதல் வருடம் சரக்கு விற்ற பிறகே வரி கட்ட அனுமதி வேண்டும் என்று அம்மாள் கடைசியாகக் கையெழுத்திட்ட மனு வரி அலுவலகத்தில் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்வதாக அலுவலகத்தில் தெரிவித்தார்கள். அன்று கேட்கப் போகிறவர் உசேன் பாய்.