பிலோமினா மேடம் விற்ற கிட்டார்

விவேக் நகரிலிருந்து பிலோமினா மேடத்தின் தங்கை போன் செய்தார். "அக்கா காலையில போயிட்டாங்க சார். நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். மாதா கோயில்ல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். பேசினேன். நேரம் தவறாதவர், நேர்மையானவர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ரேடியோ தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் சால்டரிங் பிரிவில் இருந்தார். நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. தொண்ணூற்றொன்றில், காக்ஸ் டவுனில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா கிளம்பிய குடும்பத்திடமிருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிவந்தார். அறுபதுகளில் செய்தது, செய்த கம்பெனியின் பெயர் அழிந்துபோயிருந்தது. கழுத்து முறிந்திருந்தது, ஒயர்களை எலி கடித்திருந்தது. வாசிப்பீர்களா என்று கேட்டேன். "வாசிக்கத் தெரியாது சார். சத்தம் வர வெக்கத் தெரியும்" என்றார்.

ஏழெட்டு வருடம், ஞாயிறு பூசை முடிந்ததும் அதோடு உட்கார்ந்தார். வேறொரு கிட்டாரின் கழுத்தைத் தேடிப் பொருத்தினார். தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காயில்கள் இரண்டும் போயிருந்தன. முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று கையாலேயே சுற்றி, ஒன்றை முடித்தார். இரண்டாவது பாதியில் இருந்தபோது முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. கம்பெனியும் விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டது. முடிக்கத் தெரிந்தவர் யாருக்காவது விற்றுவிடலாம் என்றார்.

ஆளைக் கூட்டிப்போனது நான். அவன் ஒரு தரகன். சாயம் பூசி, வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரை ஒட்டி விற்கப்போவதை ஸ்கூட்டரிலேயே என்னிடம் சொல்லிவிட்டான். மேடத்திடம் நான் அதைச் சொல்லவில்லை. அவரோ செய்த வேலை, செய்யாத வேலை எல்லாவற்றையும் இரண்டு தாளில் எழுதிவைத்திருந்தார். அவனுக்கு வரிவரியாகப் படித்துக்காட்டி, தாள்களைக் கையில் கொடுத்தார். "முடிச்சதும் நான் ஒரு தடவை வந்து கேக்கணும்" என்றார். அவன் கும்பிட்டுவிட்டு வந்து, தெருமுனையில் அந்தத் தாள்களைக் கிழித்துச் சாக்கடையில் போட்டான். எனக்கென்று ஒரு கவரும் கொடுத்தான். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து, பி.எஃப். விஷயமாக நானும் அவரும் போகும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது தொங்கியது. பளபளவென்று சிவப்புச் சாயம். தலையில் வெளிநாட்டுப் பெயர். தான் பொருத்திய கழுத்தைப் பார்த்ததுமே மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் உள்ளே நுழைவதற்குள் ஓர் இளைஞர் அதை இறக்கச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். மேடம் நேராக அவரிடம் போனார்.

"தம்பி, இந்தப் பேரு பொய். கழுத்து வேற கிட்டாரோடது. ஒரு காயில் நான் சுத்துனது. இன்னொண்ண நான் முடிக்கவே இல்ல."

கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பி, "கூட வந்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க சார், இது மேடம் வித்ததா?" என்று கேட்டார். அந்தத் தரகன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா ஞாபகம் இல்ல. பழைய கிட்டாரெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

இளைஞர் வாங்கிவிட்டார். பில் போட்டு முடியும்வரை மேடம் நின்று பார்த்தார். வெளியே வந்ததும், "அவங்க வியாபாரிங்க. உங்களுக்கு என்ன சார்?" என்றார். நான் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கோவம் கூட வரல. அருவருப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனார்.

சரியான சொல் அதுதான். அந்தக் கடையை நினைத்தால் தரகனைவிட என் குரல்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தங்கையிடம்கூட. சொல்லியிருந்தால் அந்த அம்மாள் என்னைப் பேச அழைத்திருப்பாரா?

அடக்கத்தன்று கோயிலில் பெட்டியை மூடுமுன் எல்லோரும் குனிந்து, ஜெபமாலை சுற்றிய அவர் கையைத் தொட்டு முத்தமிட்டார்கள். என் முறை வந்தபோது நான் தொடவில்லை. நகர்ந்து பின்னால் நின்றவருக்கு வழிவிட்டேன்.

போய் வாருங்கள், மேடம். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு வருடம் இருந்தது. கேட்கவில்லை. இனி கேட்டு உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.