தம்பிக்குக் குவித்த கருமணல்

எங்கள் கரையில் கருமணலுக்கு விலை வந்தபோது எனக்கு எட்டு வயது. மணவாளக்குறிச்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் மணல் வாங்கக் கொட்டகை போட்டதுதான் தாமதம், ஊரில் ஒருவர் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சீமையில் விளக்கு எரிய இந்த மண் வேண்டுமாம். நேற்றுவரை உள்ளங்காலைச் சுடுகிறது என்று எல்லாரும் திட்டிய மண்! அம்மாவின் அண்ணன், என் மாமா, இருந்த ஒரே கட்டுமரத்தையும் விற்றுவிட்டு ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இடதுகைக்காரர். அந்தக் கையால் என் காதைத் திருகி, "இனி கடலு எதுக்கு மக்கா? கரையே சோறு போடும்" என்று சிரித்தார்.

ஆனி ஆடியில் அலை ஒதுக்கிய கருமணலை ஐப்பசிக்குள் வழித்தெடுத்தாயிற்று. ஆனாலும் யாரும் வீடு தங்கவில்லை. பெட்டியும் கையுமாய்க் கரையில் மேலும் கீழும் அலைந்தார்கள். மாமா வீட்டில் ஆறு பிள்ளைகள் பசியோடு அவர் வரும் வழியைப் பார்த்திருந்தன.

அந்தச் சமயத்தில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவரவர் வீட்டுக் குழிமேட்டில் புதுமணல் குவித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். ஏழு மாதக் குழந்தையாகவே போய்விட்ட என் தம்பிக்கு மணல் கொண்டுவருவது என் பொறுப்பு. வெள்ளை மணல் போதும் என்றாள் அம்மா. எனக்கு மனசு ஆறவில்லை. ஊரே பொன்னாய் மதிக்கிற மணல் இருக்க, என் தம்பிக்கு மட்டும் சாதா மணலா? பெரியவர்கள் கை நுழையாத பாறை இடுக்குகளில் என் கை நுழைந்தது. தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிச் சுரண்டி நாலு நாளில் ஒரு பெட்டி சேர்த்தேன்.

குவித்தபோது மேடு மினுமினுத்தது. அம்மா பதறிப்போனாள்.

"ஏட்டி, இத எங்கேருந்து கொண்டாந்த? யாரும் பாத்தாவளா?"

பார்க்காமல் என்ன? சாமியார் செபம் சொல்லும்போது ஊர்க் கண்ணெல்லாம் தம்பி மேல்தான். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

மறுநாள் காலையில் போனால் மேட்டைக் காணோம். பாவி எவனோ தரையோடு தரையாய் வழித்திருந்தான். ஆனால் மேலே வெள்ளை மணல் தூவி, பூவை எடுத்துத் திரும்ப அடுக்கி, ஆடிக்கொண்டிருந்த சிலுவையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தான். நான் புரண்டு அழுதேன். அம்மா அந்த முடிச்சையே பார்த்தாள். அது இடப்பக்கமாய்ச் சுற்றியிருந்தது. பிறகு, "எந்திரி, போவோம்" என்றாள்.

மத்தியானம் மாமா வந்தார். வழக்கமான கேலி இல்லை. என் கையில் ஒரு கடலை உருண்டையைத் திணித்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா மரச்சீனிக் கிழங்கை அவித்து அவர் முன்னால் வைத்தாள்.

"தின்னுண்ணே. பிள்ளையளுக்கும் பொதிஞ்சு தாரேன்."

நான் சும்மா இருப்பேனா? "மாமா, அந்தக் கள்ளனப் புடிச்சுத் தாங்க. அவன் கைய ஒடிக்கணும்" என்றேன்.

"புடிச்சிரலாம் மக்கா" என்றார் மாமா, தலை நிமிராமல். அவர் கண்ணீர் கிழங்கின் மேல் சொட்டியது. அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை.

தம்பியை நினைத்துத்தான் மாமா அழுகிறார் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. கடலை உருண்டையில் பாதியைக் கடித்து எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.