முடிச்சுப் போடாத தையல்

தெருவே டெய்லரக்கா என்று கூப்பிடும் என் மனைவிக்கு, கால் இன்ச் பிசகினாலும் பொறுக்காது. முழுச் சட்டையையும் பிரித்துப் போட்டுவிடுவாள். புற்றுநோய் முற்றி வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட பிறகு, மெஷினை நெருங்கி உட்காரவே அவளால் முடியவில்லை. வயிறு இடித்தது, மூச்சு வாங்கியது. வயிறு கொள்ளாமல் இறுகிப்போன நைட்டிகளின் பக்கத் தையலைக்கூட நான்தான் தப்பும் தவறுமாகப் பிரித்துவிட்டேன்.

நேற்று நர்ஸ் வீட்டுக்கு வந்து, வயிற்றில் சின்னக் குழாய் வைத்து, நீரை மெல்ல மெல்லப் பையில் வடித்தார். "இதனால நோய் போயிடாது. நீர் மறுபடி சேரும். அதுவரைக்கும் மூச்சு விட லேசா இருக்கும்," என்று ஒளிக்காமல் சொன்னார். ராத்திரி அவள் மல்லாந்து படுத்து நன்றாகத் தூங்கினாள்.

இன்று காலை மெஷின் சத்தம் கேட்டு ஓடினேன். தொளதொளவென்று ஆகிவிட்ட நைட்டியைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி வீங்கும்னு தெரியும்ல? எதுக்கு இந்த வெட்டி வேலை?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீங்குறப்ப வீங்கட்டும். அதுவரைக்கும் நான் ஏன் சாக்கு மாதிரி திரியணும்?"

என் விரலைப் பிடித்து ஒரு நூல் நுனியில் வைத்தாள்.

"பெரிய தையலா போட்டிருக்கேன். இதை இழுத்தா மொத்தமும் வந்துடும். அடுத்த தடவையும் நீங்கதானே பிரிக்கணும்?"

இத்தனை வருஷத்தில் அவள் முடிச்சுப் போடாமல் விட்ட தையல் அது ஒன்றுதான்.