எலும்பில் தங்கிய ஈயம்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்ததால் அவரை எல்லோரும் பேட்டரிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சாயங்காலம் அழுக்குச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்ததுமே குட்டி மகள் ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த மகளுக்குப் பதினாறு முடிந்தும் உடம்பு சின்னப் பிள்ளை மாதிரியே இருந்தது. "எனக்கும் லேட்டுதான்" என்று மனைவி சமாளித்துப் பார்த்தாள். கடைசியில் டாக்டரம்மாவிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்தார்கள்.

"ரத்தத்துல ஈயம் நிறைய இருக்கு. பொண்ணு பெரியவளாகணும்னா மூளையிலேர்ந்து ஹார்மோன் வழியா உடம்புக்குத் தகவல் போகணும். ஈயம் அதைக் குழப்பும். அதனாலதான் தள்ளிப்போகுதுன்னு நினைக்கிறேன்."

"அவ பட்டறைப் பக்கமே வந்ததில்லையே, டாக்டர்."

"உங்க சட்டையில தூசி வீட்டுக்கு வந்திருக்குங்க."

அன்றோடு பட்டறையை விட்டு லாரி ஓட்டப் போனார். மனைவி வீட்டை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அடுத்த வருடம் மகள் வயசுக்கு வந்தாள். பிறகு கல்யாணமும் ஆனது.

ஒருநாள் அவள் தாயாகப் போகும் செய்தியோடு வந்தாள். மனைவிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்தில் கலந்து குழந்தைக்கும் போகலாம் என்று டாக்டரம்மா முதலில் பார்த்த அன்றைக்கே அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"ஏம்ப்பா, சந்தோஷமில்லையா?"

"இருக்கும்மா. நாளைக்கே டாக்டரைப் பார்த்து டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வரலாம். நானும் வரேன்."

"அதுக்குள்ள என்னப்பா அவசரம்?" என்று சிரித்தாள்.

அவர் அவளுடைய மணிக்கட்டில் துருத்தி நின்ற எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.